சாயப்பட்டறைக் கழிவுநீரை ஊர்க்காரர்கள் எப்படிக் கண்காணிப்பது?

நொய்யல்கரைத் தோட்டம் (கேள்வி)

வணக்கம். திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடைப் பள்ளத்தின் ஓரத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. நாலரை ஏக்கர். தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு, இரண்டு கறவை மாடு. அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னபோது நான் பத்தாம் வகுப்பு. அப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்காது. அப்புறம் வருடத்துக்கு வருடம் மழை பெய்து, உப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ஏழெட்டு வருடம் கழித்துத்தான் அப்பா தென்னை வைத்தார். இப்போது பாளை விட்டுக் காய்க்கிற வயசு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளத்தின் மேல்புறம், எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஒரு பட்டறை வந்தது. வாசலிலேயே ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ (கழிவுநீரை வெளியே விடுவதே இல்லை) என்று போர்டு வைத்திருக்கிறார்கள். போன வருடக் கோடையில் எங்கள் கிணற்றில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) 1900. இந்த வருடம் 3400. குரும்பை கொட்டுகிறது, கீழ் மட்டைகள் நுனியிலிருந்து கருகி வருகின்றன. பள்ளத்தில் சில காலைகளில் நுரை தெரியும், பத்து மணிக்கெல்லாம் ஒன்றும் இருக்காது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்தேன். ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். ஒரு மாதம் கழித்து ‘அனைத்து அளவுகளும் நிர்ணயிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன’ என்று பதில் கடிதம் வந்தது. ஆன்லைன் மீட்டர் பொருத்தி இருபத்து நாலு மணி நேரமும் சென்னையிலிருந்து பார்க்கிறார்களாம், அதனால் தப்பு நடக்க வாய்ப்பில்லை என்று வாய்மொழியாகவும் சொன்னார்கள்.

யார் மேலும் அபாண்டமாகப் பழி போட எனக்கு விருப்பமில்லை. அந்தப் பட்டறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு வேண்டியது உண்மை. நானே என்ன பார்க்கலாம், எதை அளக்கலாம், எந்தக் காகிதத்தைக் கேட்கலாம்? கடையில் விற்கிற டி.டி.எஸ். மீட்டர் கணக்கை யாராவது மதிப்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய சாம்பிள்காரர் (பதில்)

அம்மணி, நான் ஒரு தனியார் ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் கழிவுநீர் சாம்பிள் எடுத்தவன். ஈரோடு, பெருந்துறை, திருப்பூர், கரூர் என்று நான் பாட்டில் முக்காத தொட்டி குறைவு. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுமையாகப் படி.

உனக்கு வந்த பதில் கடிதத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார். ‘வரம்புக்குள் உள்ளன’ என்கிறார்கள். எந்த வரம்பு? சாயக்கழிவை ஆற்றில் விட அனுமதி உள்ள இடத்துக்குத்தான் பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, டி.டி.எஸ். 2100 என்ற, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்கிற கணக்கெல்லாம் (பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டும் தண்ணீரில் உள்ள கரிமக் கழிவைக் காட்டும் அளவு). ஜீரோ டிஸ்சார்ஜ் பட்டறைக்கு வெளியேறும் வாயே கிடையாது. சொட்டுக்கூட வெளியே வரக் கூடாது என்பதுதான் அதற்கு விதித்த நிபந்தனை. அப்படியானால் அவர்கள் எங்கே பாட்டிலை முக்கினார்கள்? ஆர்.ஓ.வில் சுத்தமாகி வந்த தண்ணீர்த் தொட்டியில் எடுத்திருந்தால் எந்தப் பட்டறையும் தேறிவிடும். அந்தத் தண்ணீர் உன் கிணற்றைவிட நன்றாகவே இருக்கும். ஆகவே முதல் வேலை, சாம்பிள் எடுத்த இடம் எது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. என் அனுபவத்தில் பாதிப் புகார்கள் இந்த ஒரு வரியில்தான் மண்ணாய்ப் போயிருக்கின்றன.

இரண்டாவது, அந்தப் பட்டறையின் இசைவாணை. 1974-ஆம் வருட நீர்ச் சட்டப்படி வாரியம் கொடுக்கிற அனுமதி அது. மாதம் எத்தனை டன் துணிக்கு அனுமதி, தினம் எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், அது எங்கே போக வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும், எல்லாம் அதில் இருக்கும். கழிவுநீர் இரண்டு வகையாகப் போட்டிருப்பார்கள். ஒன்று சாயக்கழிவு, மற்றது ஆட்கள் குளிக்க, கழிப்பறைக்குப் பயன்படுத்திய தண்ணீர். இரண்டாவதைச் சுத்திகரித்துச் செடிகொடிக்கு விடலாம் என்று பெரும்பாலும் அனுமதி இருக்கும். அந்தத் தோட்டக் குழாயைக் கவனி. எட்டுக் கிலோலிட்டருக்கு அனுமதி வாங்கின இடத்தில் காம்பவுண்டு ஓரம் ராப்பகலாக மண் ஊறிக் கிடந்தால் அது குளியலறைத் தண்ணீர் மட்டும் இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். நான் இத்தனை வருடத்தில் கற்றது இதுதான்: புதன்கிழமை பதினொரு மணிக்கு எடுத்த சாம்பிள் புதன்கிழமை பதினொரு மணியைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஒரு பட்டறை உண்மையாக நடக்கிறதா என்பதைத் தண்ணீர்க் கணக்கும் உப்புக் கணக்கும் கரண்ட் கணக்கும் சொல்லும். பாட்டிலை ஏமாற்றுவது சுலபம். மூன்று கணக்கையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி மாதக்கணக்கில் மாற்றி எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

தண்ணீரை எடுத்துக்கொள். ஒரு பட்டறைக்குத் தினம் 300 கிலோலிட்டர் கழிவுநீர் என்று வை. சுத்திகரித்து ஆர்.ஓ.வில் விட்டால் எண்பது, எண்பத்தைந்து சதவீதம் நல்ல தண்ணீராகத் திரும்பும். மிச்சம் ரிஜெக்ட், கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். அது எவாப்பரேட்டருக்குப் போய் ஆவியாகி, அந்த ஆவியும் தண்ணீராகத் திரும்பும். கடைசியில் கையில் நிற்பது உப்பு. துணி காயும்போதும் பாய்லரிலும் கொஞ்சம் போகும். ஆக, இப்படி ஓடுகிற பட்டறைக்குப் புதிதாக வேண்டியது தினம் 30 முதல் 50 கிலோலிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கரில் மூன்று, நாலு லோடு. அங்கே இருபது லோடு உள்ளே போனால் 240 கிலோலிட்டர். அத்தனை தண்ணீர் தினமும் வாங்குகிறவர் பழைய தண்ணீரை என்ன செய்கிறார்? ரோட்டில் நின்று டேங்கரை எண்ண யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வை: சொந்தமாகப் போர்வெல் இருந்தால் இந்த எண்ணிக்கை முழுக் கதையைச் சொல்லாது.

அடுத்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். நிறத்தைப் பொறுத்துச் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 30-லிருந்து 80 கிராம் வரை போடுவார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியில் நின்றுவிடும், உப்பு நிற்காது, அப்படியே கழிவுக்கு வந்துவிடும். பாக்டீரியா தொட்டியில் பி.ஓ.டி. குறையும், நிறம் கொஞ்சம் குறையும். உப்பு குறையாது, அதைத் தின்கிற பாக்டீரியா இல்லை. அதனால்தான் நொய்யல் விஷயத்தில் எல்லாரும் டி.டி.எஸ்., டி.டி.எஸ். என்று சொல்கிறோம். நல்ல பட்டறை உப்புத் தண்ணீரையே மறுபடி சாயத்துக்கு எடுக்கும், குளோபர் உப்பை (சோடியம் சல்பேட்) படிய வைத்துத் திரும்பப் பயன்படுத்தும். அங்கே புது உப்பு லாரி வருவது குறைய வேண்டும். மிச்சம் விழுகிற கலப்பு உப்பும் ஸ்லட்ஜும் (கழிவுச் சேறு) கூரை போட்ட ஷெட்டில் எடை போட்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே வந்த உப்புக்கும் வெளியே கணக்கில் உள்ள உப்புக்கும் நடுவில் டன் கணக்கில் துண்டு விழுந்தால், அந்தத் துண்டு உன் கிணற்றுப் பக்கம் வந்திருக்கலாம்.

கரண்ட் கணக்கு எளிது. சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மீட்டர், தனிப் பதிவேடு இருக்க வேண்டும். டையிங் முழு ஓட்டத்தில் இருந்த மாதத்தில் சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்ட் யூனிட் மட்டும் பாதியாகக் குறைந்தால் விளக்கம் கேட்கலாம்.

இப்போது உன் மீட்டருக்கு வருகிறேன். கோர்ட்டில் அது சாட்சியாக நிற்காது. ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த இடத்தில் அதிகாரிகள் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல கருவி கிடையாது. கடை மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்துத் திறனை. அதை ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டும். சில மீட்டர் 0.5 ஆல் பெருக்கும், சில 0.7 ஆல் பெருக்கும். அதனால் இ.சி. என்கிற மின்கடத்து அளவையே குறித்து வை. 1413 மைக்ரோசீமென்ஸ் என்று போட்ட அளவுத் திரவம் ஆய்வகச் சாமான் கடையில் கிடைக்கும். வாரம் ஒருமுறை அதில் முக்கிச் சரிபார். பள்ளத்துத் தண்ணீர் மீட்டரின் எல்லையைத் தாண்டினால் ஒரு பங்கு தண்ணீருக்கு ஒன்பது பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அளந்து, பத்தால் பெருக்கு.

நாலு இடம் பார். உன் கிணறு, பட்டறைக்கு மேல்புறம் இருக்கிற யாராவது ஒருவர் கிணறு, பள்ளத்தில் பட்டறைக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம். கிணற்றில் மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடி. தேதி, மணி, மழை பெய்ததா, மோட்டார் எத்தனை நேரம் ஓடியது, எல்லாம் ஒரே நோட்டில் பேனாவால் எழுது. பள்ளத்தைக் காலை ஆறு மணிக்குப் பார், பதினொரு மணிக்கும் பார். மேல்புறக் கிணறு அசையாமல் இருந்து உன்னது மட்டும் ஏறினால் பேச்சுக்கு ஒரு அடி கிடைத்துவிட்டது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் வறட்சியாக இருக்கலாம், பழைய உப்பாகவும் இருக்கலாம். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் சில கிணறு இயல்பிலேயே சவர். அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு தடவை மட்டும் செலவு செய்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலோ குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலோ கொடுத்து குளோரைடு, சல்பேட், சோடியம், கடினத்தன்மை நாலையும் பார்த்துவிடு. குளோபர் உப்பு போடுகிற பட்டறையின் தண்ணீர் கசிந்தால் சல்பேட் எகிறும். மேல்புறக் கிணற்றில் சல்பேட் கொஞ்சமாக இருந்து உன்னதில் பல மடங்கு இருந்தால் அது வறட்சியால் வந்தது இல்லை.

கடைசியாக, காம்பவுண்டுக்குள் போகாதே. எந்தத் தொட்டிக்குள்ளும் குனிந்து எட்டிப் பார்க்காதே. கழிவுத் தொட்டி வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவனை அப்படித்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். ஆனால் அந்த நாளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.


ஷிப்ட் ஆபரேட்டர் (பதில்)

அக்கா, நான் பதினோரு வருடமாக சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். ஐயா சொன்ன எல்லாம் சரி. உள்ளே இருந்து பார்த்ததைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

எல்லாச் சிக்கலும் எவாப்பரேட்டரில்தான் ஆரம்பிக்கும். பாக்டீரியா தொட்டி, ஆர்.ஓ. எல்லாம் கரண்ட் இருந்தால் ஓடும். எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். நாலு கட்டமாக ஓடுகிற எவாப்பரேட்டரில் ஒரு டன் நீராவி கொடுத்தால் சுமாராக மூன்று டன் தண்ணீர் ஆவியாகும். விறகு விலை ஏறும்போதெல்லாம் முதலாளி முகத்தைப் பார்த்தாலே தெரியும். அப்புறம் டியூபில் உப்பு படியும், சில நாளுக்கு ஒருமுறை ஆசிட் கழுவல் போட வேண்டும். அந்த நேரம் ஆர்.ஓ. ரிஜெக்ட் எல்லாம் ஒரு தொட்டியில் சேரும். தொட்டி நிரம்பினால் டையிங்கை நிறுத்த வேண்டும், அதுதான் முறை. ஆனால் ஏற்றுமதி ஆர்டர் கன்டெய்னர் தேதி நெருங்கும்போது டையிங்கை நிறுத்தச் சொல்கிற தைரியம் ஷிப்ட் ஆளுக்கு வராது.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒரு மழை ராத்திரி அந்தத் தொட்டியிலிருந்து ஓஸ் போட்டுப் பயன்படாத போர்க்குழியில் இறக்கச் சொன்னார்கள். ரிஜெக்ட்டில் லிட்டருக்கு நாற்பது கிராம் உப்பு இருக்கும். ஒரு டேங்கர் அளவு, 12,000 லிட்டர், இறக்கினால் 480 கிலோ உப்பு பூமிக்குள் போகிறது. இருபதடி அகலம், இருபதடி தண்ணீர் நிற்கிற வட்டக் கிணற்றில் ஒன்றே முக்கால் லட்சம் லிட்டர் இருக்கும். அந்த மாதிரி இரண்டரைக் கிணற்றுத் தண்ணீரில் டி.டி.எஸ். ஆயிரம் ஏறுவதற்கு அந்த ஒரு டேங்கர் போதும். நான் மாட்டேன் என்றேன், வேறு ஆளை வைத்துச் செய்தார்கள், அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டேன். புகார் கொடுக்காமல் வந்துவிட்டேனே என்கிற பாரம் இன்றைக்கும் மனசில் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆன்லைன் மீட்டர் பற்றி: ஜீரோ டிஸ்சார்ஜ் இடத்தில் பெரும்பாலும் ஃப்ளோ மீட்டரும் (எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டுவது) கேமராவும்தான் இணைத்திருப்பார்கள். கேமரா பார்க்கிற இடத்தைத்தான் சென்னை பார்க்கும், பின்பக்கச் சுவரைப் பார்க்காது. தண்ணீரை வெளியே விட அனுமதி உள்ள தொழிற்சாலைகளில் பி.எச். (அமிலத்தன்மை அளவு), சி.ஓ.டி. சென்சார் இருக்கும். அந்தச் சென்சாரை நல்ல தண்ணீர் பக்கெட்டில் போட்டு வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி டேட்டாவை வாங்கிப் பார்த்தால் உடனே தெரியும்: மாதம் முழுக்கக் கோடு போட்ட மாதிரி ஒரே அளவு வரும். உண்மையான கழிவுநீர் அப்படி இருக்காது. கறுப்புத் துணி ஓடுகிற நாளும் வெள்ளைத் துணி ஓடுகிற நாளும் ஒன்றாகுமா? ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு அளவு இறங்க வேண்டும், கரண்ட் போன நேரத்தில் டேட்டா அறுபட வேண்டும். அதெல்லாம் இல்லாமல் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஃப்ளோ மீட்டர் டேட்டா கேட்கும்போது மூன்று இடத்துக் கணக்கும் சேர்த்துக் கேளுங்கள்: கழிவு உள்ளே வருகிற இடம், ஆர்.ஓ. நல்ல தண்ணீர் போகிற இடம், எவாப்பரேட்டருக்கு ரிஜெக்ட் போகிற இடம். முதலாவது மற்ற இரண்டின் கூட்டலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும்.


சின்னப் பட்டறை (பதில்)

நான் எதிர்ப்பக்கத்து ஆள்ங்க, ஒரு சின்னச் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினர். 2011-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை ஒரே நாளில் மூடச் சொன்னபோது எங்களுடையதும் பூட்டுப் போட்டதுதான். மறுபடி திறக்க வீட்டுப் பத்திரம் அடமானம் போச்சு. இன்றைக்கும் லிட்டர் கணக்கு வைத்துச் சுத்திகரிப்புக்குப் பணம் கட்டுகிறோம்.

நீங்கள் கேட்பதை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். முறையாக நடத்துகிறவனுக்கு ஒரு கிலோ துணிக்கு ஆகிற செலவு, ராத்திரியில் திறந்து விடுகிறவனுக்கு ஆவதில்லை. அவன் சாயக் கூலியைக் குறைத்து ஆர்டரை எடுத்துக்கொண்டு போகிறான். அவன் மாட்டினால் நாளைக்குப் பூட்டுப் போடுவது எங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஒரே வேண்டுகோள். பழைய உப்பு இன்னும் மண்ணில் கிடக்கிறது. 1992-ல் நொய்யலின் குறுக்கே திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில வருடத்திலேயே சாயத்தண்ணீர்க் குட்டையான கதை உங்களுக்கே தெரியும். முதல் மழையில் கரையில் படிந்த உப்பு கரைந்து அளவு திடீரென்று ஏறும். அந்த ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். மழை இல்லாத வாரத்தில் ஏறினால் அது வேறு விஷயம்.


வழக்குக்கட்டு (பதில்)

சுற்றுச்சூழல் வழக்குகளில் உதவியாளராக வேலை செய்கிறேன். சட்டப் பக்கம் சுருக்கமாக.

நீர்ச் சட்டம் 25-ஆம் பிரிவின் 6-ஆம் உட்பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இசைவாணை நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவால் பாதிக்கப்பட்டவரோ அதில் அக்கறை உள்ளவரோ அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். தகவல் உரிமை மனு போட்டு முப்பது நாள் காத்திருப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தையும் விட வேண்டாம். ஆவண நகல் மட்டுமல்ல, ஆவணங்களை நேரில் பார்வையிடவும் அதில் உரிமை உண்டு. ஆய்வு அறிக்கை, சாம்பிள் எடுத்த இடம், ஃப்ளோ மீட்டர் பதிவு, அப்புறம் ஒவ்வொரு செப்டம்பர் 30-க்குள் தொழிற்சாலை கொடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை, இவற்றைக் கேளுங்கள். அந்த அறிக்கையில் தண்ணீர்ப் பயன்பாடும் மூலப்பொருள் பயன்பாடும் இருக்கும். ஐயா சொன்ன கணக்குக்கு அதுதான் அடிப்படை.

கோர்ட்டில் நிற்கிற சாம்பிள் என்பது 21-ஆம் பிரிவுப்படி எடுத்தது. ஆய்வுக்கு அனுப்பப் போகிறோம் என்று அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, பட்டறைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ‘எங்கள் தோட்டத்து எல்லைக்கு மேலே பள்ளத்தில், இந்த நேரத்தில், 21-ஆம் பிரிவுப்படி சாம்பிள் எடுக்கக் கோருகிறேன்’ என்றே மனுவில் எழுதுங்கள்.

தப்பு உறுதியானால் 33A பிரிவில் மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாரியம் அசையாவிட்டால் 49-ஆம் பிரிவுப்படி அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்து நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். பயிர் நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்கச் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தையும் விடாதீர்கள். ஆட்சியர் முன்னால் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். நொய்யல் வழக்கையே நடத்தியது ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) சங்கம்தான், தனி ஆள் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.


நொய்யல்கரைத் தோட்டம் (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

25(6) என்று எழுதிக் கொடுத்ததும் முதலில் முழித்தார்கள். இரண்டாவது தடவை போனபோது ஓர் இளம் பெண் பொறியாளர் தானே பதிவேட்டை எடுத்துக் காட்டினார், உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அனுமதித்த சாயக்கழிவு தினம் 240 கிலோலிட்டர். முழுவதும் மறுபயன்பாடு, வெளியேற்றம் இல்லை. குளியலறைத் தண்ணீர் 6 கிலோலிட்டர், தோட்டத்துக்கு. தகவல் உரிமையில் ஆய்வு அறிக்கை வந்துவிட்டது. ஐயா, நீங்கள் சொன்னதேதான். சாம்பிள் எடுத்த இடம்: ‘ஆர்.ஓ. சுத்த நீர்த் தொட்டி’. அந்த வரியைப் படித்துவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

டேங்கர் எண்ணுவதற்குப் பெட்டிக்கடை அக்கா உதவினார். பன்னிரண்டு நாள் எண்ணினோம். ஒரு நாளைக்குப் பதினொன்றிலிருந்து பதினைந்து லோடு. பட்டறைக்குள் போர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மேல்புறக் கிணறு எங்கள் பெரியப்பாவுடையது. முப்பத்தைந்து நாளாக இ.சி. 1750-க்கும் 1820-க்கும் நடுவிலேயே நிற்கிறது. எங்கள் கிணறு 5200-லிருந்து 5600 ஆகிவிட்டது. மழை ஒரு சொட்டுக்கூட இல்லை. சல்பேட்டும் பார்த்தாகிவிட்டது. பெரியப்பா கிணற்றைப்போல ஆறு மடங்கு எங்கள் கிணற்றில்.

பள்ளத்தில்தான் முக்கியமான விஷயம். ஐந்து வாரத்தில் நாலு வாரம், ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் (பட்டறைக்குக் கீழே நான் அளக்கிற இடம்) அளவு ஏறுகிறது. போன ஞாயிறு மீட்டரே காட்டவில்லை, பத்துப் பங்காகக் கலந்து அளந்தேன், 14,000 வந்தது. பட்டறைக்கு மேலே அதே நேரம் 1300. ஒன்பது மணிக்கெல்லாம் பாலத்தடியிலும் குறைந்துவிடுகிறது. வாரநாளில் ஒருநாள்கூட அப்படி ஏறவில்லை. ஆபரேட்டர் தம்பி, சனிக்கிழமை ராத்திரிதான் ஆசிட் கழுவல் போடுவார்களா?

நோட்டின் நகலோடு ஏழு தோட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஞாயிறு விடிகாலை பாலத்தடியில் 21-ஆம் பிரிவுப்படி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அந்தப் பெண் பொறியாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாள் சொல்லவில்லை. பட்டறைக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.


ஷிப்ட் ஆபரேட்டர் (பதில்)

ஆமாம் அக்கா, வார லீவுக்கு முன்னால் கழுவுவது பல இடத்தில் வழக்கம். கழுவின தண்ணீரில் ஆசிட் இருக்கும், பி.எச். தாளும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தடியில் பி.எச். நாலு, ஐந்துக்குக் கீழே இறங்கினால் அது பள்ளத்து ஊற்றுத் தண்ணீர் இல்லை.


பழைய சாம்பிள்காரர் (பதில்)

நல்லாச் செய்திருக்கிறாய் அம்மணி. நான் சம்பளத்துக்கு வைத்திருந்த பையன்கள்கூட இவ்வளவு ஒழுங்காக நோட்டு எழுதியதில்லை.

வருகிற அன்றைக்கு இதையெல்லாம் பார்த்துக்கொள். பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும், அடிச்சேற்றைக் கலக்கக் கூடாது. சி.ஓ.டி.க்கு எடுக்கிற பாட்டிலில் கந்தக அமிலம் சில சொட்டு விட்டு, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். ஐஸ் பெட்டி கொண்டுவராவிட்டால் உன் வீட்டிலிருந்து கொடு. பட்டறைக்காரர் வர மறுத்தால் அதையும் மகஜரில் (அங்கேயே எழுதுகிற பதிவு) எழுதச் சொல், எடுக்கிற அதிகாரி மட்டும் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி செல்லும். இடத்தைப் ‘பள்ளம்’ என்று பொதுவாக எழுத விடாதே. பாலத்தின் எண், எந்தப் பக்கம், பட்டறைச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர், மணி எத்தனை, எல்லாம் வர வேண்டும். அதே இடத்தில் அதே நிமிடம் உன் மீட்டரிலும் அளந்து நோட்டில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து கேள். போட்டால் நல்லது, போடாவிட்டாலும் கேட்டதை எழுதி வை.

பட்டறைக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படாதே. தெரிந்து அந்த வாரம் திறக்காமல் இருந்தால் பாலத்தடியில் அளவு ஏறாது, அதுவும் உன் நோட்டில் ஒரு வரி. மனு கொடுத்த வாரம் மட்டும் ஏறவில்லை என்றால் அதை வைத்தே அடுத்த மனு எழுதலாம்.

பெருந்துறையிலிருந்து உங்கள் ஊருக்கு எனக்கு ஒரு மணி நேரம்தான். தனிச்செய்தியில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு, பழைய ஐஸ் பெட்டி என்னிடம் இன்னும் இருக்கிறது.